கார்த்திகேயவியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

தமிழ்நாட்டு வகுப்பறை எதிலும் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் இரண்டு கார்த்திக்குகளாவது இருப்பார்கள். கே. கார்த்திக், எம். கார்த்திக் என்று இனிஷியல் போட்டு ஆசிரியர் சமாளித்துவிடுவார். படித்து முடித்து ஆளுக்கொரு தொழிலுக்குப் போனபின் இவர்களை எப்படி அடையாளம் காண்பது? கல்வி உலகம் இதுவரை இந்தச் சிக்கலை உரிய கவனத்துடன் அணுகவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

ஆய்வின் மூத்த சான்று மாகறலில் கிடைக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். சம்பந்தர் பாடிய தலம். இங்கிருந்து வந்தவர் மாகறல் கார்த்திகேய முதலியார். தேவநேயப் பாவாணர் பள்ளிக்கூடம் போகும் வயதில், 1913-ல், ‘மொழிநூல்’ எழுதி வெளியிட்டவர். ஊர்ப் பெயர் முன்னால் நின்றதால் இவரை வேறு கார்த்திகேயரோடு யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. ஊரின் பெயரும் கெடவில்லை.

அதே ஊர்க் கோயிலில் நிலைமை நேர்மாறு. மாகறலீசர், உடும்பீசர், அடைக்கலங்காத்தநாதர், பாரத்தழும்பர் என்று ஒரே சுவாமிக்குப் பல பெயர்கள். ஒருவருக்குப் பல பெயர் இருந்தால் அர்ச்சனையாகிறது. பலருக்கு ஒரே பெயர் இருந்தால் ஆய்வாகிறது.

இனி முதல் கருதுகோள்: கார்த்திகேயர்களின் தொழிலை ஆறு என்ற எண்ணே ஆள்கிறது. முருகனுக்கு முகம் ஆறு, பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். ஆதாரங்களும் திகைக்க வைக்கின்றன. 2007-ல் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் முரளி கார்த்திக் 27 ரன்களுக்கு வீழ்த்திய விக்கெட்டுகள் ஆறு. 2018-ல் கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் தினேஷ் கார்த்திக் அடித்தது ஆறு. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து புள்ளிகள் பெற்ற 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில், டயர்த் தகராறில் மற்றவர்கள் விலகிக்கொள்ள, ஓடிய கார்கள் ஆறு. 2023-ல் கத்தாரில் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்த கிராண்ட்மாஸ்டர் முரளி கார்த்திகேயனின் சதுரங்கத்தில் காய் வகைகள் ஆறு. மாகறல் முதலியாருக்கோ வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு.

இந்த இடத்தில் பாடகர் கார்த்திக் ஏழு ஸ்வரங்களோடு வந்து கோட்பாட்டைக் கவிழ்த்துவிடுகிறார்.

இரண்டாவது, முரளிச் சிக்கல். பந்துவீச்சாளர் பெயரிலும் முரளி, சதுரங்கக்காரர் பெயரிலும் முரளி. 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் அறிமுகமான நடிகர் கார்த்திக்கின் இயற்பெயரும் முரளிதான். அவர் அந்தப் பெயரிலேயே நடித்திருந்தால், 1984-ல் ‘பூவிலங்கு’ மூலம் வந்த இன்னொரு முரளியோடு மோத வேண்டியிருந்திருக்கும். மருமகன் முருகன் பெயரை வைத்து மாமன் கண்ணன் பெயரிலிருந்து தப்பினார் என்று பதிவு செய்யலாம்.

திரையுலகம் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. சிவகுமாரின் மகன் கார்த்திக், 2007-ல் ‘பருத்திவீர’னாக வந்தபோது ஒற்றெழுத்தைத் துறந்து கார்த்தியானார். சிவகார்த்திகேயன் தந்தையையும் மகனையும் ஒரே பெயரில் அடக்கிக்கொண்டார். ‘பீட்சா’ இயக்குநர் பின்னால் இன்னொரு பெயரைச் சேர்த்து கார்த்திக் சுப்பராஜ் ஆனார். கடல் கடந்தால் உறவுமுறையே தலைகீழ்: கயிலாயத்தில் சிவனுக்குக் கார்த்திகேயன் பிள்ளை, யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் கார்த்திகேசுவுக்குப் பிள்ளை பேராசிரியர் சிவத்தம்பி.

ஆக, பெயருக்கு முன்னால் ஒன்று நின்றாக வேண்டும். முன்பு ஊர் நின்றது; இப்போது தொழில் நிற்கிறது. நடிகர் கார்த்திக் என்றால் ஒருவர், பாடகர் கார்த்திக் என்றால் வேறொருவர். மாகறல் முறைக்கே திரும்பலாமே என்றால், கிரிக்கெட்காரர்கள் இருவரும் பிறந்தது சென்னையில். சரி, தொழிலை வைத்துப் பிரிக்கலாம் என்றால் இருவருக்கும் கிரிக்கெட். ஓய்வுக்குப் பிறகு இருவருக்கும் வர்ணனை.

2004 நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் இருவரும் ஒரே அணியில் இறங்கினார்கள். விக்கெட் கீப்பர் தினேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட்; முரளிக்கு ஆட்ட நாயகன் விருது. ஆங்கிலத்தில் இருவர் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு, தமிழில் அதுவும் கிடையாது. முரளி வீசி தினேஷ் பிடிக்கும் கேட்சைத் தமிழ் ஸ்கோர் அட்டையில் ‘பிடித்தவர் கார்த்திக், வீசியவர் கார்த்திக்’ என்றுதான் போட முடியும். பந்து வீசியவரே ஓடிவந்து பிடித்துவிட்டார் என்று வாசகர் நினைத்தால், அச்சுக்கோத்தவரைக் குறை சொல்ல இவ்வாய்வில் இடமில்லை.