மேல்காதுக்கு எத்தனாம் நம்பர் ஊசி?

கேள்வி: சின்ன வயதில் குத்திய துளை இரண்டே மாதத்தில் ஆறிற்று. மேல்காதில் குத்தியது ஆறு மாதமாகியும் ஆறவில்லை. குற்றம் குத்தியவருடையதா, காதுடையதா?
— கட்டிங் பிரிவு வாசகி, காந்தி நகர்

பதில்: காது முதல் குற்றவாளி. தோடு தொங்கும் சோணை, கொழுப்பும் இரத்த நாளங்களும் நிறைந்த மென்சதையாதலால் 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடுகிறது. அதற்கு மேலுள்ள விளிம்போ குருத்தெலும்பால், அதாவது மடக்கினால் மடங்கி விட்டால் நிமிரும் வளையும் எலும்பால், ஆனது. குருத்தெலும்புக்குள் இரத்த நாளமே கிடையாது. தன்னைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசிந்துவரும் சத்தைக்கொண்டே அது காலந்தள்ளுகிறது. வாசலில் லாரி வந்து நூல் இறக்கும் கம்பெனியும், பக்கத்துச் சந்திலிருந்து கைமாற்று வாங்கி ஓட்டும் ஜாப் ஒர்க் யூனிட்டும் ஒரே நாளில் ஆர்டரை முடிப்பதில்லை அல்லவா? மேல்காது ஆற 6 முதல் 12 மாதம் ஆகும். வெளித்தோல் முன்னதாகவே மூடிக்கொண்டு, உள்ளே வேலை முடிந்ததுபோலக் காட்டுவதால், மூன்றாம் மாதத்தில் கம்பியை மாற்றி, ஆறிவரும் புண்ணை மீண்டும் திறந்துகொள்வோர் பலர்.

கேள்வி: துப்பாக்கி வைத்து நொடியில் குத்திவிடுகிறார்கள். ஊசியால் குத்தும் இடம் தேடி அலைவது வீண்செலவுதானே?
— பவர் டேபிள் டெய்லர், 15 வேலம்பாளையம்

பதில்: இக்கேள்வியை வேறு எந்த ஊரார் கேட்டாலும் பொறுக்கலாம், திருப்பூரில் பனியன் தைப்பவர் கேட்பதுதான் வியப்பு. பின்னல் துணிக்கு முனை கூரான ஊசியைப் போட்டால் நூல் அறுந்து, ஒரு சலவைக்குப்பின் வரிசையாக ஓட்டை விழும் என்பதால், முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசியே போடப்படுகிறது. அந்த ஊசி நூலை வெட்டாமல் ஒதுக்கிவிட்டு நுழைவதற்கு, ஒதுங்கி இடங்கொடுக்கும் வளையங்கள் துணியில் இருப்பதே காரணம். குருத்தெலும்பில் வளையமும் இல்லை, ஒதுங்கும் குணமும் இல்லை. துப்பாக்கியில் பொருத்தப்படும் தோட்டின் மழுங்கிய முனை, சுருள்வில்லின் விசையால் அதன்மீது மோதும்போது, குருத்தெலும்பு நசுங்கலாம், சிதறவும் செய்யலாம். உறை கிழிந்து பிரிந்தால், சத்து வந்துகொண்டிருந்த ஒரே வழியும் அடைபடும். குத்துவதைத் தொழிலாகக் கற்றவர் கையாளும் உள்துளை ஊசி, ஒருபக்கம் சாய்வாகத் தீட்டிய விளிம்பால் தனக்கு வேண்டிய அளவே வெட்டி வழிசெய்துகொள்கிறது.

அளவைச் சொல்வதானால், 75 நம்பர் தையல் ஊசியின் பருமன் 0.75 மில்லிமீட்டர், மேல்காதுக்கு வழக்கமான 16 கேஜ் ஊசியின் பருமன் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் என்பதால், தையல் கணக்கில் அது 120 நம்பர், அதாவது கேன்வாஸ் தைக்கும் ஊசி. (இங்கே கேஜ் கூடக்கூட ஊசி மெலியும். நிட்டிங் மெஷினில் கேஜ் என்பது ஓர் அங்குலத்திற்கு இத்தனை ஊசி என்னும் கணக்காதலால், இரண்டையும் குழப்பிக்கொண்டு 24 கேஜ் கேட்டு நிற்க வேண்டாம்.)

சுத்தத்திலும் துப்பாக்கி தோற்கிறது. அழுத்தமேற்றிய நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவியில் வைத்தால் அதன் பிளாஸ்டிக் உடல் உருகும் என்பதால், பெரும்பாலும் ஒரு பஞ்சுத் துடைப்போடு அது அடுத்த காதுக்குப் போகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்டோருள் ஏழு பேருக்குச் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியத் தொற்று உறுதியானபோது, அக்கிருமி குடியிருந்த இடங்களுள் ஒன்று கிருமிநாசினிப் புட்டியே என்று தெரியவந்தது. வேலியே பயிரை மேய்வது அமெரிக்காவிலும் உண்டு.

கேள்வி: நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை. இரவில் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம். புண்ணை எப்படிக் காப்பது?
— ஓவர்லாக் டெய்லர், பெருமாநல்லூர் சாலை

பதில்: பஞ்சுத்தூசி கசிவோடு கலந்து கம்பியைச் சுற்றிப் பொருக்காகப் படியும், அதை நகத்தால் பெயர்ப்பதைவிடப் பெயர்க்காமலிருப்பது மேல். ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்னும் கணக்கில் அமைந்த 0.9 விழுக்காட்டு உப்புநீர், மருந்துக் கடைகளில் நார்மல் சலைன் என்னும் பெயரில் கிடைக்கிறது. கையைச் சோப்பால் கழுவியபின், காலையிலும் வேலை விட்டு வந்ததும் அதனால் நனைத்து, பொருக்கு இளகியதும் கழுவிவிட்டு, ஈரம் ஒற்றியெடுத்தால் போதும். வீட்டு உப்பைக் கைக்கணக்கில் கரைப்பவர்கள் பெரும்பாலும் ஊறுகாய்க்குரிய பதத்தையே எட்டுகிறார்கள். ஒற்றியெடுக்கக் கட்டிங் வேஸ்ட் வேண்டாம். இழை பிரிந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும்.

தூக்கத்திற்குத் திருப்பூரிலேயே தீர்வு மலிந்து கிடக்கிறது. துவைத்த பெரிய டி-சர்ட் ஒன்றைத் தலையணைக்கு மாட்டினால், முன், பின், உட்புறம் திருப்பி முன், பின் என நான்கு இரவுகளுக்கு நான்கு சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸ் ஆயினும் குறையில்லை. ஆயினும் குத்திய பக்கம் படுக்கவே கூடாது. அழுத்தத்தால் துளை சாய்வதும் அருகே புடைப்பு எழுவதும் உண்டு. ஹெல்மெட்டும் கம்பெனித் தொப்பியின் எலாஸ்டிக்கும் இதே குற்றத்தைப் பகலில் செய்கின்றன.

கேள்வி: துளை ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கம்பியைத் தினமும் சுழற்ற வேண்டுமா?
— வாசகர், பல்லடம்

பதில்: வேண்டா.

கேள்வி: மஞ்சள், விளக்கெண்ணெய், வேப்பங்குச்சி இவற்றால் ஆறாத காது உண்டா என்று பாட்டி கேட்கிறார்.
— வாசகி, காங்கேயம்

பதில்: பாட்டியின் கேள்வி சோணையைப் பற்றியது, சோணை எதையும் மன்னிக்கும். எண்ணெயும் பொடியும் குழைந்து மேல்காதின் துளையை அடைத்தால், கசிவு வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். மருத்துவ நறுமணத்தை நம்பிப் பூசப்படும் ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்து எரிப்பதால், பாட்டியை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது.

கேள்வி: 22 காரட் தங்கம் போட்டால் தொல்லையில்லை என்கிறார்களே?
— பாத்திரப் பட்டறை வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: உலோகங்களோடு வாழும் ஊரிலிருந்து வந்த கேள்வி. 22 காரட்டில் தங்கம் 91.6 விழுக்காடு, மிகுதி செம்பு, வெள்ளி முதலியவை. மென்மையான அந்த உலோகத்தில் விழும் நுண்கீறல்கள் ஆறாத புண்ணின் உட்புறத்தை உராயும். ஆறும்வரை உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியமே ஏற்றது. எலும்புக்குள் திருகாணியாக வைக்க மருத்துவர்கள் நம்பும் உலோகம் அது. முதற்கம்பி, வீக்கத்துக்கு இடம்விட்டுச் சற்று நீளமாக இருக்க வேண்டும். வீக்கம் வடிந்தபின் குத்தியவரிடமே குட்டையானதாக மாற்றிக்கொள்ளலாம். கவரிங்கின் அடியில் நிக்கல் பதுங்கியிருக்கும். சில ஏசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடைசெய்ததைத் திருப்பூர் மறந்திருக்காது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் காதணி நிக்கலுக்கும் வரம்பிட்டது. இன்று, துளைக்குள் நுழையும் தண்டிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகவே நிக்கல் கசியலாம்.

கேள்வி: பேக்கிங்கில் ஷிப்ட் முடியும்வரை கம்பியைக் கழற்றி வைக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர்.
— பேக்கிங் பிரிவு வாசகி

பதில்: சூப்பர்வைசர் சொல்வதில் நியாயமுண்டு. உடைந்த ஊசிமுனை கிடைக்கும்வரை லைனை நிறுத்தித் தேடும் தொழில் இது. நீடில் டிடெக்டர் இரும்புத் துகளைக் காந்தப்புலத்தால் அறிவது. காந்தத்துக்கு மசியாத டைட்டானியக் குமிழ் குழந்தைச் சட்டையின் மடிப்பில் விழுந்தால் மணி அடிக்காமலே ஐரோப்பா போய்ச் சேரும். காதின் நியாயம் வேறு: புதிய துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்குவதால், ஒன்றரை ஷிப்டுக்குப் பின் கம்பி எளிதில் நுழையாது. ஆறும்வரை வேறு பிரிவு கேட்டுப் பெறலாம். கிடைக்காவிடில் குத்துவதைத் தள்ளிப்போடலாம்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?
— வாசகர், அவினாசி

பதில்: முதல் வாரங்களின் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சள் கசிவும் இயல்பே. மடல் முழுவதும் சிவந்து வீங்கிக் கொதிக்க, சோணை மட்டும் ஒன்றும் அறியாததுபோல் இருந்தால், அது குருத்தெலும்பு உறை அழற்சியின் அடையாளமாகலாம். சோணையில் குருத்தெலும்பு இல்லாததாலேயே அது தப்புகிறது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். சீழ் கட்டிக் குருத்தெலும்பு கரைந்தால் மடல் காலிஃபிளவர்போலச் சுருங்கி, பின்னர் அறுவை மருத்துவராலும் முழுமையாக நிமிர்த்த இயலாததாகிவிடும். கம்பியைத் தாமே பிடுங்கினால் துளை மூடிச் சீழ் உள்ளே சிறைப்படலாம் என்பதால், அம்முடிவு மருத்துவருக்குரியது. துளையின் எல்லை கடந்து வளரும் தழும்பாகிய கீலாய்டு குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தால், குத்துவதற்கு முன்பே யோசித்தல் நலம்.

கேள்வி: மேல்காது குத்துவது மேல்நாட்டு மோகம் என்கிறார் தாய்மாமன். அவர் சீர் செய்வாரா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: கொப்பும் முருகும் பாட்டிமார் மேல்காதில் அணிந்தவையே என்பதால் மேல்நாட்டுக் குற்றச்சாட்டு நிற்காது. சீர் விஷயத்தில் மட்டும் மாமன் பக்கமே வழக்கு: மடியில் உட்காரவைத்து ஆசாரியை அழைத்த அன்றே சோணைக்குரிய கடன் தீர்ந்துவிட்டது, இரண்டாம் துளையின் செலவு சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து.