பெஞ்சு மெக்கானிக்

எந்த ஊர் டூவீலர் பட்டறையானாலும் முதலாளி, பையன், இவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். மற்ற இருவர் கையிலும் கிரீஸ்; இவர் கையில் டீ கிளாஸ்.

கீழே விழுந்து ஹேண்டில் கோணிய வண்டி ஒன்று வந்தால் போதும், பெஞ்சைவிட்டு எழுந்துவிடுவார். முன்னால் போய் நின்று, கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஃபோர்க் பெண்டு. ஒரு நூல் இடது பக்கம் போயிருக்கு. மாத்தணும்" என்பார். வண்டிக்காரர் முகம் வெளுக்கும்.

முதலாளி வாயைத் திறக்க மாட்டார். கிளாம்ப் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்துவார், முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரு முறுக்கு முறுக்குவார். நேராகிவிடும். பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கிவிட்டு, போல்ட்டுகளை முடுக்குவார்.

"நான்தான் சொன்னேனே, வெறும் முறுக்குதான்னு" என்பார் இவர்.

இவருடைய உலகம் ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்ற 1996-லேயே நின்றுவிட்டது. டிஸ்க் பிரேக்கை 'தட்டு' என்றுதான் சொல்வார். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்ததை, அரசாங்கம் தன் விரல்கள்மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமாகவே எடுத்துக்கொண்டார். "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று சின்னப் பையன்களிடம் சொல்வதும் இவர்தான். பிரேக் போட்டதும் பாரமெல்லாம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் என்று அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

ஒருமுறை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மாறிப் பார்த்தார். அங்கே ஏசி, சோபா, டிவி எல்லாம் இருந்தன. வேலை மட்டும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சைகையிலேயே ஆக்ஸில் மாட்டச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். செக்யூரிட்டி வந்து, "சார், உக்காருங்க" என்றதோடு பழைய பெஞ்சுக்கே வந்து சேர்ந்தார்.

சொல்வதெல்லாம் தப்பு என்றால் விரட்டிவிடலாம். சில சமயம் சரியாகச் சொல்லித் தொலைப்பார். டிரம் பிரேக் வண்டி ஒன்றுக்குப் பையன் பஞ்சர் ஒட்டி முன் சக்கரத்தை மாட்டினான். சுற்றிவிட்டால் உரசிக்கொண்டே நின்றது. "டேய், ஆக்ஸில் நட்டைத் தளர்த்து. சக்கரத்தைச் சுத்திவிட்டு பிரேக்கைப் பிடி. பிடிச்சபடியே முடுக்கு. லைனிங் தானா நடுவுல உக்காரும்" என்றார். உட்கார்ந்தது. அதன்பின் ஒரு மாதம் பட்டறையில் ரேடியோவே போடவில்லை, தேவைப்படவில்லை.

அந்த யோசனையிலிருந்துதான் முதலாளிக்கும் வழி கிடைத்தது. பிரேக்கை ஒருவர் பிடிக்க வேண்டும், நட்டை இன்னொருவர் முடுக்க வேண்டும். இப்போதெல்லாம் இவர் வாயைத் திறக்கும்போதே, "அண்ணே, உங்க பிடி மாதிரி வராது. இந்த லீவரைக் கொஞ்சம் பிடிங்க" என்கிறார். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கிறார். பல்லைக் கடித்தால் பேச முடியாது. நட்டு இறுகி எவ்வளவோ நேரமாகியும், முதலாளி அடுத்த வண்டியின் பிளக்கைக் கழற்றத் தொடங்கிய பிறகும், "விடுங்கண்ணே" என்ற சொல் மட்டும் வருவதில்லை.