கைப்பிடி சுற்றும், கண்ணாடி ஏறாது
அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றது. அதன் கதவுக் கண்ணாடிகள் பல அதற்கு முன்பே நின்றுவிட்டன. கைப்பிடியைச் சுற்றினால் கதவுக்குள் கடகடவென்று சத்தம் வரும். கண்ணாடி மட்டும் மனு வாங்கிய அதிகாரி மாதிரி அசையாது. பழைய கார் பிரியர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி ஏற்றி, மடித்த அட்டையைச் சொருகி நிறுத்திவிட்டு, "ஒரிஜினல் கண்டிஷன்" என்பார்கள். (வண்டி ஓடுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

கதவின் உள்பலகையைக் கழற்றினால், கண்ணாடியை ஏற்றி இறக்கும் விசிறி வடிவப் பல்தகட்டில் சில பற்கள் மழுங்கிக் கிடக்கும். வெல்டிங் வைத்து, அரத்தால் ராவிப் புதுப் பல் கட்டலாம். ஆனால் பெரும்பாலும் அந்தப் பல்லைத் தின்றது, கண்ணாடி ஓடும் பள்ளத்தில் காய்ந்து இறுகிய ரப்பர் பீடிங். அதை மாற்றாமல் பல்லை மட்டும் கட்டினால், மெக்கானிக்குக்கு அடுத்த தீபாவளிக்கும் வேலை உண்டு.