மசில் காரும் பாய்ப்படகும்: சுன்னாகத்து மாமாவுக்கு ஒரு விளக்கக் கடிதம்

ஸ்காபரோ, ஒன்ராறியோ.

சுன்னாகம், காங்கேசன்துறை வீதியில் வசிக்கும் மதிப்புக்குரிய பெரிய மாமா அவர்களுக்கு,

மசில் கார் என்பது, நடுத்தர அளவும் மட்டான விலையும் கொண்ட இரண்டு கதவுக் காரொன்றினுள், பெரிய காருக்கென வார்க்கப்பட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்து, நேர்த்தெருவில் பாய்வதையே முதல் நோக்கமாகக் கொண்டு 1960களில் அமெரிக்கர் செய்த வாகன வகையாகும். வளைவில் அது எப்படித் திரும்பும், பிறேக் போட்டால் எவ்விடத்தில் நிற்கும் ஆகிய கேள்விகள் அக்காலத்தில் அதிகம் கேட்கப்படவில்லை. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியிலும் வண்டி திரும்புமா என்று எவரும் கேட்பதில்லையாதலால், இவ்வகையின் தத்துவம் மாமா அவர்களுக்கு இலகுவில் விளங்கும். இங்குள்ள பேரன் வாங்கியிருக்கும் காரின் படத்தைக் கண்டு, "இது பழசோ புதுசோ?" என்று மாமா அவர்கள் தொலைபேசியில் கேட்டதற்கு மருமகனால் ஒரு சொல்லில் விடை கூற இயலாமற் போனமையே இக்கடிதத்துக்குக் காரணம்; ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எழுதப்படுவதால் வரைவிலக்கணம் முதலில் வைக்கப்பட்டது.

இக்கார்களின் முதற்பிறப்புப் பத்தாண்டுகளே நீடித்தது. 1964ஆம் ஆண்டு மாதிரியாக பொன்ரியாக் நிறுவனம் 6.4 லீற்றர் எஞ்சினுடன் விற்ற ஜீ.ரி.ஓ. காரையே இவ்வகையின் தொடக்கமாகப் பலரும் கொள்வர்; அதே ஆண்டு ஏப்ரலில் போர்ட் நிறுவனத்தின் மஸ்ராங்கும், 1966இல் செவர்லே கமாரோவும், 1970ஆம் ஆண்டு மாதிரியாக டொட்ஜ் சலஞ்சரும் வந்தன. இளைஞர் கட்டவேண்டிய காப்புறுதிப் பணம் ஏறியதாலும், புகை தொடர்பான சட்டங்கள் இறுகியதாலும் தளர்ந்துபோயிருந்த இவற்றை, 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை படுக்கையில் வீழ்த்தியது. அத்தடை நீடித்தது ஏறத்தாழ ஐந்து மாதங்கள். ஐந்து மாதப் பெற்றோல் தட்டுப்பாட்டுக்கே அமெரிக்காவின் மிகப் பலசாலியான கார்கள் நோயாளியாகிவிட்டன என்ற செய்தியைச் சுன்னாகத்துப் பெரியவர்கள் எந்த முகத்துடன் வாசிப்பார்கள் என்பதை ஸ்காபரோவில் இருந்தவாறே ஊகிக்கலாம்.

மறுபிறப்பு இந்நூற்றாண்டில் நிகழ்ந்தது. சிறுவயதில் அக்கார்களைப் பார்த்து ஏங்கியவர்கள் நரைத்து, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்த வேளையில், பழைய முகத்தையும் பழைய தோள்களையும் புதிய உடலில் வைத்து 2005 மாதிரி மஸ்ராங் வந்தது. அதன் வெற்றியைக் கண்டு 2008இல் சலஞ்சரும் 2009இல் கமாரோவும் திரும்பி வந்தன. இவ்விடத்தில் ஒரு கிளைச்செய்தியைக் கூறாமல் விடுவது தகாது. அமெரிக்க வீரத்தின் சின்னங்களெனப் போற்றப்படும் இப்பிந்திய இரண்டும் கனடாவிற் பொருத்தப்பட்டவை: சலஞ்சர் ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள பிரம்டனிலும், கமாரோ 2015 வரை கிழக்கேயுள்ள ஒஷாவாவிலும் உருவாகின. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே கனடாத் தமிழரிற் பெரும்பகுதியினர் குடியிருக்கின்றனர். சலஞ்சரின் அடிப்பாகத்திலும் சில்லுகளைத் தாங்கும் அமைப்பிலும் ஜேர்மன் மெர்சிடீஸின் சாயல் உண்டு. அதை வடிவமைத்த காலத்தில் இரண்டு நிறுவனங்களும் ஒரே குடும்பமாக இருந்தன. ஆகவே பேரன் வாங்கிய சலஞ்சரைப் பழசு என்பதா புதுசு என்பதா என்ற கேள்விக்கு, முகம் 1970, வயிறு ஜேர்மனி, பிறந்த இடம் பிரம்டன் என்று மூன்று பகுதியாகவே விடை எழுதவேண்டியுள்ளது.

அவ்வகையில் பெரும் பேரெடுத்தது 2015 மாதிரியாக ஹெல்கற் என்ற பெயருடன் வந்த சலஞ்சராகும். அதன் வலு 707 குதிரைவலு. குதிரைவலு என்பது எஞ்சினொன்று குறித்த நேரத்தில் செய்யும் வேலையை அளக்கும் அலகு. நெடுந்தீவின் குதிரைகள் அனைத்தையும் ஒரே காரின் முன்மூடிக்குள் கட்டியதாக மாமா அவர்கள் கற்பனை செய்யலாம். இத்தனை குதிரைகளும் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மாலை ஐந்து மணிக்கு, முன்னால் நிற்கும் ரொயோற்றா கொறொல்லாவின் பின்விளக்கைப் பார்த்தவாறு நிற்கின்றன. சாலை வெறிச்சோடும் வேளையிலும் அவற்றை அவிழ்த்துவிட இயலாது. விதித்த வேகத்தை மணிக்கு 50 கிலோமீற்றரால் மீறினால், ஒன்ராறியோச் சட்டப்படி, காரைப் பொலிசார் அவ்விடத்திலேயே 14 நாட்களுக்கு இழுத்துச் செல்வர், ஓட்டுநரின் அனுமதிப்பத்திரமும் 30 நாட்களுக்கு முடக்கப்படும். பனிக்காலத்திலோ வேறு சிக்கல். வலுவெல்லாம் பின்சில்லுக்குச் செல்வதால் பனியில் கார் வழுக்கும். பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்பு அடித்தகட்டை அரிக்கும். எனவே நவம்பர் பிறந்ததும் பேரன் அதைக் கழுவித் துடைத்து, பற்றறியைக் கழற்றி, துணிப்போர்வையால் மூடிக் கராச்சுக்குள் வைத்துவிட்டு, தாயாரின் காரை இரவல் கேட்பான். ஆண்டின் ஏறக்குறைய அரைவாசிக்கு ஓடாத வாகனத்துக்கு முழு ஆண்டும் தவணைப்பணம் கட்டப்படுகிறது என்பதை மாமி அவர்களிடம் சொல்லவேண்டாம்.

எட்டு சிலிண்டர்ச் சலஞ்சரின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றது. அதன் இனத்தில் அடுத்து வந்த சார்ஜர் டேற்றோனா மின்சாரத்தில் ஓடுவது. மின்மோட்டார் சத்தமிடாதென்பதால், வாங்குவோர் மனம் நோகக்கூடாதெனப் பழைய எஞ்சினின் உறுமலைச் செயற்கையாக எழுப்பும் ஒலிக்கருவியொன்றை அதில் பொருத்தியுள்ளனர். பெற்றோல் எஞ்சினின் சத்தத்தை அடக்குவதற்குச் சைலென்சர் கண்டுபிடித்த மனிதகுலம், சத்தமில்லாத எஞ்சினுக்குச் சத்தம் பூட்டும் நிலைக்கு வந்து சேர்ந்திருப்பது ஆய்வாளர் கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றின் வரலாற்றோடு ஒப்புநோக்கும்போதே மறுபிறப்பு என்னும் பேச்சின் தரம் தெரியவரும். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஏ40 சமசெற் 1,200 சீசீ எஞ்சினுடன் ஏறத்தாழ 40 குதிரைவலுவே கொண்டது. ஹெல்கற்றின் குதிரைகளைப் பங்கிட்டால் பதினேழு ஏ40களுக்குப் போதும். கியர்த்தடி ஸ்ரேறிங்குக்குக் கீழே இருந்தமையால் முன் ஆசனம் ஒரே வாங்காக அமைந்தது; ஓட்டுநருக்குப் பக்கத்தில் மூவர், அவருள் ஒருவரின் மடியில் ஒரு பிள்ளை, பிள்ளையின் மடியில் ஒரு பலகாரப் பெட்டி என்ற கணக்கில் கலியாண வீட்டுக்குச் சென்ற காட்சியை எந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பரிசோதனையும் கண்டதில்லை. திரும்பும் திசையைக் காட்ட, கதவோரத் தூணிலிருந்து சிறிய செம்மஞ்சட் கையொன்று வெளியே நீளும். அது நீள மறுத்தால் ஓட்டுநரின் சொந்தக் கை நீளும்.

1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது, குடாநாட்டில் பெற்றோல் கண்ணிற் காணாத பொருளாயிற்று. பற்றறியும் உதிரிப்பாகங்களும் அவ்வாறே. அமெரிக்கக் கார்களை ஐந்து மாதத்திற் சாய்த்த நோய் அங்கு ஆண்டுக்கணக்காக நீடித்தும் ஏ40 சாகவில்லை. அதற்குரிய காரணம் பொறியியல் சார்ந்தது. எஞ்சின், எரிபொருளும் காற்றும் கலந்த வாயுவை எத்தனை மடங்கு நெருக்கிப் பற்றவைக்கிறதோ அது அமுக்க விகிதம் எனப்படும். அது உயர்ந்த எஞ்சின்கள் தரங்குறைந்த எண்ணெயைக் கண்டால் முட்டி மோதிச் சேதமுறும். அக்கால ஆங்கிலேய எஞ்சின்களில் இவ்விகிதம் ஏழு மடங்கை அண்மித்திருந்தமையால், அவை மண்ணெண்ணெயையும் முகஞ்சுளித்துக்கொண்டு ஏற்றன. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சின்னப் போத்தலொன்றிற் பொன்போலக் காத்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்னால் கைபிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வெண்புகை கக்கிக்கொண்டு கார் புறப்படும்; இடையில் நின்றால் மறுபடி துளிக்கணக்குத் தொடங்கவேண்டுமாதலால், ஆளை இறக்கும்போதும் எஞ்சினை நிறுத்தாமல் உறுமவிட்டே வைத்திருந்தனர். சார்ஜர் டேற்றோனா இன்று செயற்கையாக எழுப்பும் உறுமலைச் சுன்னாகம் சந்தி அன்று இலவசமாகக் கேட்டது.

பிற்காலத்தில் இலங்கையெங்கும் பல பழைய கார்களின் மூடிக்குள் ஜப்பானிய எஞ்சின்களும் கியர்ப்பெட்டிகளும் புகுந்தன. பழைய உருவத்துக்குள் புதிய உள்ளுறுப்பு என்ற தத்துவத்தை டெற்றொயிற்று நிபுணர்கள் பெரும் பொருட்செலவிற் கண்டடைந்தனர். நம்மூர்க் கராச்சுக்காரர் அதனை மாமரத்தடியில், கப்பியும் சங்கிலியும் கொண்டு முடித்தனர். இதிற் பெருமை பேசுவதாக மாமா அவர்கள் எண்ணலாகாது; இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிப்போரே, அக்காருக்குரிய உடற்தகடுகளை 1990களில் இலங்கையிற் செய்வித்து வாங்கினர். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 வரை வழி திறக்காதிருந்தமையால், கொட்டிலிற் கிடந்த கிழடுகளுக்கும் மவுசு வந்ததை மாமா அவர்கள் நேரிற் கண்டிருப்பார்கள்.

இனிப் படகுக்கு வரலாம். பேரனுக்குக் கார் இருப்பதுபோல மருமகனின் மனைவிக்குத் தீவுதாவல் என்ற விடுமுறை ஆசை இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பாய்ப்படகொன்றை வாடகைக்கு எடுத்து, பகலில் ஓடி, இரவில் ஒவ்வொரு தீவிலும் நங்கூரமிடுவதே இதன் நடைமுறை. மாலுமியின்றிப் படகை மட்டும் தரும் முறை 1960களின் இறுதியில் கரீபியன் கடலின் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளிற் தொழிலாக வேரூன்றத் தொடங்கியது. இன்று கிரேக்கத் தீவுகளும் குரோவேசியக் கரையும் இத்தொழிலின் பெரிய சந்தைகள். பணியாளருடன் பெரிய படகெடுப்போர், வாடகைக்கு மேலாக, அதன் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு வரை எரிபொருளுக்கும் உணவுக்கும் துறைமுகக் கட்டணத்துக்குமென முற்பணமாகக் கட்டவேண்டும். மாலுமியின்றிச் சிறிய படகெடுத்து ஏறினாலோ, தண்ணீர் தாங்கியில் அளவாகவே உண்டு, நீண்ட நேரம் குளிக்கக்கூடாது. கழிப்பறையைக் கையால் பம்ப் அடித்துக் கழுவவேண்டும், காகிதம் போட்டால் அடைத்துவிடும். படுக்கையோ, புரண்டு படுப்பதானால் பக்கத்திலுள்ளவரிடம் அனுமதி கேட்கும் அளவினது. மாலையிற் கரை சேரும்போது நங்கூரத்தைத் தூரத்தில் இறக்கி, பின்பக்கமாகப் படகைச் சுவரோடு கொண்டுவந்து கட்டுவது மத்தியதரைக் கடலின் வழக்கம். காலையில் அயலவரின் சங்கிலிமேல் தன் சங்கிலி கிடக்கக் கண்டு ஐந்து நாட்டவர் ஐந்து மொழியில் ஒருவரையொருவர் ஏசுவதும் அவ்வழக்கத்தில் அடங்கும்.

தீவுக்கூட்டத்துக்கும் படகுக்கும் குறைவில்லாத குடாநாட்டவருக்கு இவ்வின்பங்கள் புதியனவல்ல. ஒல்லாந்தர் காரைநகரை அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணையை லெய்டன் என்றும், அனலைதீவை றொட்டர்டாம் என்றும் பெயரிட்டுத் தம் ஊர் நினைவைத் தீர்த்துக்கொண்ட கடல் இது. புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, மிதவைப்படகான பாதையில் மோட்டார் சைக்கிளோடு காசின்றியே கடக்கலாம். நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகைப் பற்றி மட்டும் இங்கு வேடிக்கை எழுதப்படமாட்டாது. 1985 மே மாதத்தில் அதிற் சென்றவர்கள் படுகொலை செய்யப்பட்டதை அறிந்த எவரும் எழுதார். ஊர்காவற்றுறைக் கடல்நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையோ, ஒருகாலத்தில் சிறையாக இருந்து இப்போது கடற்படையினர் நடத்தும் விடுதியாகியுள்ளது. உள்ளே அடைக்கப்படுவதற்கு இன்று முன்பதிவு வேண்டும்.

மேலைநாட்டார் உல்லாசப் படகு தேடி யாழ்ப்பாணம் வந்த கதையும் உண்டு. சிறிய பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றிப் பெயர்பெற்ற அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன், வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய, ஏறத்தாழ 90 அடி நீளமான அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைக் கண்டு மயங்கி, 1930களில் அதனை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரால் புளோறன்ஸ் சீ. றொபின்சன் என மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் சுயெஸ் கால்வாயாலும் மத்தியதரைக் கடலாலும் அத்திலாந்திக்காலும் ஓட்டிச் சென்று 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். அவ்வாறு அத்திலாந்திக்கைக் கடந்தோரின் பேரப்பிள்ளைகள் இங்கே ஒன்ராறியோ ஏரியில் மோட்டார்ப் படகோட்ட அனுமதி அட்டை பெறச் சோதனை எழுதுகின்றனர்.

காரியத்துக்கு வருமிடத்து, வரும் கோடைவிடுமுறையில் இக்குடும்பம் சுன்னாகம் வர எண்ணியுள்ளது. பள்ளி விடுமுறை யூலை, ஓகஸ்ட் ஆகையால் சோளகக் காற்று உரத்து வீசும் காலம். கிரேக்கத் தீவுகளிலும் அதே மாதங்களில் வடகாற்று அடித்துப் படகுகளைத் துறையிலே கட்டிவைக்கும் என்பதால் மருமகனின் மனைவிக்கு இது பழகியதே. ஆயினும் நெடுந்தீவில் தெரிந்தவர் எவரையேனும் கேட்டு, கடல் அடங்கும் நாட்களை முன்கூட்டியே அறிந்து வைத்தல் நன்று. பேரனுக்குத் தீவுகளில் நாட்டமில்லை. மாமா அவர்களின் கொட்டிலில் உள்ள ஏ40 மண்ணெண்ணெயில் ஓடுவதைத் தன் கண்ணாற் காணவேண்டும் என்கிறான். பதினைந்து ஆண்டு கடந்த கார்களைக் கனடாவுக்குள் இறக்குவது இலகு என்பதையும் எங்கேயோ வாசித்திருக்கிறான். ஆகையால் அவன் விலை பேச வாயெடுத்தால், மாமா அவர்கள் முதலில் அவனுடைய காரின் தவணை முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
பணிவுள்ள மருமகன்.