குதிரைக்கு ஓட்ஸ், பேச்சாளருக்கு ஐந்து டாலர்

1826-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்பரி என்ற சிற்றூரில் ஜோசையா ஹோல்புரூக் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைத்துவிட்டுச் சாயங்காலம் சும்மா கிடக்கிற ஜனங்களைக் கூட்டிவைத்து அறிவைப் புகட்டினால் என்ன? சும்மா கிடந்த ஜனங்கள் அவரிடம் முறையிட்டதாகத் தகவல் இல்லை. ஆனாலும் சங்கம் பிறந்துவிட்டது. அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன இடத்தின் பெயரையே எடுத்து ‘லைசியம்’ என்று வைத்தார்கள். ஆட்சேபிக்க அரிஸ்டாட்டில் உயிரோடு இல்லை. பாடம் நடத்த பூகோள உருண்டை வேண்டும், வடிவியல் சாமான்கள் வேண்டும். அவற்றைச் செய்து விற்றவர் யார்? அதுவும் ஹோல்புரூக்தான். பொதுத்தொண்டில் இப்படியும் ஒரு சௌகரியம் உண்டு.

முதலில் உள்ளூர்க்காரர்களே முறைவைத்துப் பேசிக்கொண்டார்கள். தினமும் தெருவில் பார்க்கிற முகத்தையே மேடையிலும் எத்தனை நாள் பார்ப்பது? வெளியூர் ஆளை அழைப்பது என்று முடிவாயிற்று. வெளியூர் ஆள் என்றால் வழிச்செலவு, சாப்பாடு, சன்மானம். அறிவு இலவசமாக இருந்த காலம் அத்துடன் மலையேறியது.

இந்தப் புதிய தொழிலுக்குத் தோதாக வந்து சேர்ந்தவர் ரால்ஃப் வால்டோ எமர்சன். பாதிரியார் வேலையை 1832-இல் உதறிவிட்டு வந்தவர். பிரசங்கத்தை விடவில்லை, தேவாலயத்தை மட்டும்தான் விட்டார். ஆரம்ப நாட்களில் ஓர் ஊரில் அவருக்குக் கிடைத்தது ஐந்து டாலரும் குதிரைக்கு ஓட்ஸும் என்பார்கள். குதிரைக்கு அன்றைக்கு வயிறு நிறைந்திருக்கும். எமர்சனுக்கு எப்படியோ. வாழ்நாளில் அவர் செய்த சொற்பொழிவுகள் சுமார் 1,500. மேற்கே போகப் போகக் கூலி ஏறியது, குளிரும் ஏறியது. 1855-56 குளிர்காலத்தில் உறைந்து கிடந்த மிசிசிப்பி ஆற்றை நடந்தே கடந்து போய்ப் பேசினார். நூலகத்தை விட்டுக் கிளம்பி, குளிரில் விறைத்து, வண்டியில் குலுங்கி, சகல அவமானங்களையும் பட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் நின்று காகிதத்தைப் படிக்க உன்னால் முடியாது என்று யாரோ பந்தயம் கட்டியதாகவும், தாம் அதை ஜெயித்து 900 டாலர் கொண்டுவந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். ஆன்மாவின் தனிமை பற்றிப் பேசியவர் கணக்கிலும் கெட்டி.

அவர் எழுதி வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இல்லினாய் சபையைப் பற்றியது. அங்கே வாட்டசாட்டமான ஓர் உள்ளூர்க்காரர் வந்து உட்காருவார், கொஞ்ச நேரம் கேட்டுப் பார்ப்பார், சரிப்படவில்லை என்றால் எழுந்து போய்விடுவாராம். இந்தத் தைரியம் நம் ஊரில் யாருக்காவது உண்டா? தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை எல்லாம் தாண்டி நன்றியுரைக்கும் கை தட்டிவிட்டுத்தான் நாம் செருப்பைத் தேடுகிறோம்.

எமர்சனின் ஊர்க்காரர் தோரோ வேறு ரகம். வால்டன் குளத்தங்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழப் போனார். ஊரார் விடுவார்களா? என்ன சாப்பிட்டாய், பயமாக இல்லையா என்று துளைத்தெடுத்தார்கள். பதிலை 1847-இல் கான்கார்டு லைசியத்தில் சொற்பொழிவாகவே செய்துவிட்டார். பிற்பாடு அது வளர்ந்து உலகப் புகழ்பெற்ற புத்தகமாயிற்று. அதன் மூலகாரணம் அக்கம்பக்கத்தாரின் வம்புதான் என்பதை இலக்கிய விமரிசகர்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

1868-இல் ஜேம்ஸ் ரெட்பாத் பாஸ்டனில் ஓர் ஏஜென்சி தொடங்கினார். ஊர்க் கமிட்டி எழுதிக் கேட்டால் பேச்சாளரை அனுப்பி வைப்பார், பத்து சதவீதம் தரகு. கல்யாணத் தரகருக்கு உள்ள வில்லங்கம் எல்லாம் இதிலும் உண்டு.

மார்க் ட்வைன் பேச்சுத் தொழிலில் குதித்தது இதற்கு இரண்டு வருஷம் முன்பு. 1866 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. விஷயம்: ஹவாய்த் தீவுகள். டிக்கெட் ஒரு டாலர். அருமையான வாத்தியக் குழு ஊருக்கு வந்திருக்கிறது, ஆனால் நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை என்று விளம்பரத்திலேயே போட்டார். கதவு திறப்பது 7 மணிக்கு, தொல்லை தொடங்குவது 8 மணிக்கு என்றும் எச்சரித்துவிட்டார். இவ்வளவு துணிச்சலும் காகிதத்தில்தான். உள்ளுக்குள் நடுக்கம். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து ஆட்களைச் சபையில் அங்கங்கே உட்கார வைத்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். கைதட்ட ஆள் வைப்பது நம் மாநாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

1882-இல் ஆஸ்கர் வைல்டு வந்த கதை இதைவிட விசேஷம். லண்டனில் கில்பர்ட்-சல்லிவன் இரட்டையர் ‘பேஷன்ஸ்’ என்ற நாடகத்தில் அழகியல் பித்தர்களைக் கிண்டல் செய்திருந்தார்கள். அது அமெரிக்காவுக்குப் போயிற்று. கிண்டல் புரிய வேண்டுமானால் அசலைப் பார்த்திருக்க வேண்டுமே? தயாரிப்பாளர் டாய்லி கார்ட் அசலையே கப்பலேற்றி அனுப்பினார். நாடகத்துக்கு நடமாடும் விளம்பரப் பலகையாகத்தான் வைல்டு அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். பட்டுக் காலுறையும் நீள முடியுமாகக் கொலராடோ மலையுச்சியில் லெட்வில் என்ற சுரங்க ஊர் வரை போய், வெள்ளி தோண்டுகிற தொழிலாளிகளுக்கு இத்தாலியச் சிற்பி செல்லினியைப் பற்றிச் சொன்னார். இனி வருவது வைல்டே சொன்ன கதை. உப்பு உறைப்பு அவருடையது. செல்லினியை ஏன் கூட்டி வரவில்லை என்று சபை குறைப்பட்டதாம். அவர் செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று என்றாராம் வைல்டு. சுட்டது யார் என்று கேட்டார்களாம். பிறகு வைல்டை வாளியில் உட்கார வைத்துச் சுரங்கத்துக்குள் இறக்கி விருந்து வைத்தார்கள். முதல் பந்தி விஸ்கி, இரண்டாம் பந்தி விஸ்கி, மூன்றாம் பந்தியும் அதுவே. சளைக்காமல் குடித்தார். அழகியலால் வராத மரியாதை அதில் வந்தது.

ரஸ்ஸல் கான்வெல் என்ற பாதிரியாரையும் விடக்கூடாது. ‘வைர வயல்கள்’ என்று ஒரே சொற்பொழிவு. செல்வத்தைத் தேடி ஊர் ஊராக அலையாதே, உன் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது என்பது அதன் சாரம். இதைச் சொல்வதற்காக அவர் 6,000 தடவைக்கு மேல் ஊர் ஊராக அலைந்து செல்வம் ஈட்டினார். வந்த பணத்தை ஏழை மாணவர் படிப்புக்குக் கொடுத்தார், பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை நிறுவினார் என்பதால் இதற்கு மேல் கேலி செய்ய நாக்கு எழவில்லை.

நம்மவர் ஒருவரும் இப்படிப்பட்ட பேச்சுத் தரகர் கையில் சிக்கினார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடு வீடாக வசூல் செய்து அனுப்பிவைத்த விவேகானந்தர்தான். 1893-இல் சிகாகோவில் பேசிப் புகழ் பெற்றதும், ஒரு லைசியம் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டியது. கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் டெட்ராய்ட்டில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 2,500 டாலர் வசூலாயிற்று, தமக்குக் கிடைத்தது 200 என்று கடிதத்தில் குமுறியிருக்கிறார். மாயையைப் பற்றி அவர் பேசினார், கம்பெனி செய்து காட்டியது. ஒப்பந்தத்தை உதறிவிட்டு வெளியே வந்தார்.

இதற்கிடையில் நியூயார்க் மாநிலத்தில் ஷடாக்குவா ஏரிக்கரையில் வேறொரு வியாபாரம் வேர் பிடித்திருந்தது. 1874-இல் பாதிரியார் ஜான் வின்சென்ட்டும் அறுவடை இயந்திரம் செய்யும் லூயிஸ் மில்லரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கோடை முகாம் அது. பிரசங்கம், சங்கீதம், சரித்திரம், சுத்தமான காற்று, மது கிடையாது. தத்துவ மேதை வில்லியம் ஜேம்ஸ் ஒரு வாரம் தங்கிப் பார்த்தார். எல்லாம் குற்றமற்று இருந்தது. வெளியே வந்ததும், ஏதாவது ஒரு காட்டுமிராண்டித்தனத்தைப் பார்த்தால்தான் மனசு சமநிலைக்கு வரும் என்று தோன்றியதாம்.

ஏரிக்கு வர முடியாதவர்களுக்காக 1904-இல் கீத் வாட்டர் என்பவர் ஷடாக்குவாவைக் கூடாரத்தில் சுருட்டி ரயிலில் ஏற்றினார். ஊருக்கு ஒரு வாரம். மணி அடிப்போர், ஹவாய்ப் பாடகர்கள், விலங்குக் குரல் வித்தகர்கள், நடுவே ஒரு சொற்பொழிவு. நாடகக் கொட்டகையில் பார்த்தால் பாவம் என்று கருதப்பட்ட ஷேக்ஸ்பியர், கூடாரத்துக்குள் வந்ததும் பண்பாடு ஆகிவிட்டார். அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தால் கூடாரம் தாங்காது. கொளுத்துகிற வெயிலில் ஒரு கை பனிக்கட்டி மேல், மறு கையில் பனையோலை விசிறி, வாயில் சமாதானம். 1913-இல் நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஆன பிறகும், சம்பளம் போதவில்லை என்று கூடாரங்களில் பேசப் போனார். பத்திரிகைகள் கிழித்தன. ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

இவ்வளவுக்கும் பின்னணியில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஊர்க் கடைக்காரர்களும் வக்கீலும் வங்கிக்காரரும் சேர்ந்து, இத்தனை டாலருக்கு டிக்கெட் விற்போம், குறைந்தால் கைக்காசைப் போடுவோம் என்று கையெழுத்திட வேண்டும். பாட்டும் பேச்சும் கேட்டு எல்லோரும் உருகிக் கிடக்கிற அந்த வாரத்திலேயே அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோடை உற்சாகத்தில் போட்ட கையெழுத்துக்குக் கணக்குத் தீர்க்கிற நாளில் மளிகைக் கடைக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு மோட்டார் கார் வந்தது, ரேடியோ வந்தது, பேசும் படம் வந்தது, விவசாயி கடனாளியானான். கைக்காசு போட ஆள் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் கூடாரங்களைச் சுருட்டிவிட்டார்கள். ஏரிக்கரை முகாம் மட்டும் இன்னும் கோடைக்குக் கோடை நடக்கிறது. வாசலில் கட்டணம் உண்டு.