கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

எரிச்சலூட்டும் வாசகங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ‘என்ன, இப்படி இளைச்சுட்டே?’ என்பது ஒன்று. கல்யாணமான மூன்றாம் மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பது இன்னொன்று. ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று ஆரம்பித்து, தப்பாக நினைப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறவர்களும் உண்டு. இவையெல்லாம் காதோடு போய்விடும். உடம்பில் வந்து படுகிற வாசகம் ஒன்றுதான்: ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.’ வாய் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சொன்னவரின் இடுப்பு உங்கள் இடுப்பை அரை அடி நகர்த்தியிருக்கும்.

இந்த வாசகத்துக்குச் சொந்தக்காரரை அட்ஜஸ்ட்காரர் என்று வைத்துக்கொள்வோம். முரடர் என்று எண்ணிவிட வேண்டாம். முரடராக இருந்தால் நமக்கு வேலை சுலபம். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். இவருக்கோ சிரித்த முகம். வெளுத்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கையில் ஏதாவதொரு ஜவுளிக்கடையின் கட்டைப்பை. உங்களுக்கு இருபத்தைந்து வயது என்றால் ‘தம்பி’, நாற்பது என்றால் ‘சார்’, பெண்ணென்றால் வயதே பார்க்காமல் ‘அம்மா’. முறை வைத்துக் கூப்பிட்ட மாத்திரத்தில் உங்கள் இருக்கையில் அவருக்குப் பங்கு வந்துவிடுகிறது. தம்பி என்று அழைத்த பிறகு அண்ணனை நிற்க வைத்துவிட்டு நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள்?

கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் போகிற அரசுப் பேருந்தில் ஏறுகிறீர்கள். ஒரு பக்கம் மூன்று பேர் சீட்டு, மறுபக்கம் இரண்டு பேர் சீட்டு. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற இனம் வேறு; அவர்கள் உழைப்பாளிகள். அட்ஜஸ்ட்காரர் அலட்டிக்கொள்வதில்லை. கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி நகரும்போதுதான் ஏறுவார். ஏறியவர் இரண்டு பேர் சீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். மூன்று பேர் சீட்டுகளை வரிசையாக நோட்டம் விட்டு, ஒல்லியான மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டருகே வந்து நிற்பார். ‘தம்பி, ஓரத்துல சும்மா தொத்திக்கிறேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.’ செங்கல்பட்டு வரை தொத்தல்தான். மதுராந்தகத்தில் உட்கார்ந்துவிடுவார். திண்டிவனத்தில் முதுகு சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தலை உங்கள் தோளில், கட்டைப்பை உங்கள் மடியில், உங்கள் வலது கால் நடைபாதையில். இடையில் ஜன்னலோரத்துக்காரர் இறங்கினால் அந்த இடம் யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பெரியவர், காற்று வேண்டும்.

சென்னையில் ஷேர் ஆட்டோக்காரரும் ‘முன்னாடி ஒருத்தர் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க’ என்கிறார்தான். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு, தான் பாதி உடம்பை வெளியே விட்டுச் சாய்ந்தபடி ஓட்டுகிறாரே, இந்தச் சொல்லைத் தன் உடம்பிலும் போட்டுப் பார்க்கிற மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மற்ற யாரும் ‘நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்’ என்று தாமாக முன்வந்து சொல்லி என் காதில் விழுந்ததில்லை. எப்போதும் ‘பண்ணிக்குங்க’தான். அதிலும் அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அதுதான் கொக்கி. கேட்பது கொஞ்சம் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு, மறுக்கிறவன் கஞ்சனாகிவிடுகிறான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் நீங்கள். ஆனால் முடியாது என்று சொன்ன நொடியில் சுற்றியுள்ள முகங்கள் எல்லாம் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்க்கும். ‘என்ன மனுஷங்க!’ என்று எதிர் சீட்டு அம்மா உச்சுக்கொட்டுவார். அவர் தன் சீட்டில் ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அட்ஜஸ்ட்காரரின் முழுத் திறமையும் வெளிப்படுகிற இடம் ரயில். எழும்பூரில் ஏறி உங்கள் கீழ்ப் படுக்கையைத் தேடிப் போனால் அங்கே அவர் குடும்பம் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்திருக்கும். ‘சார், குடும்பமா வர்றோம், பிரிஞ்சு பிரிஞ்சு விழுந்திருக்கு. உங்களுக்கு நல்ல சீட்டுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.’ நல்ல சீட்டு எது என்று கேட்டால் 72 என்பார். ரயிலில் போய் வந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே மூக்கு சுருங்கும். ஸ்லீப்பர் பெட்டியில் எட்டால் வகுபடுகிற எண் எதுவானாலும் அது பக்கவாட்டு மேல் படுக்கை; காலை முழுசாக நீட்ட முடியாது. 72 பழைய பெட்டிகளில் கடைசி எண், கழிவறையை ஒட்டினாற்போல் இருக்கும். கதவு திறக்கிற சத்தமும் கூடவே வருகிற வாசனையும் விடிய விடிய இலவசம். புதிய பெட்டி என்றால் எண் 80 என்று மாறும். மற்றபடி அதே பாக்கியம்தான்.

‘அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கும் முட்டி வலி, மேல ஏற முடியாது’ என்பது அடுத்த வாசகம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடு இருக்கிறது. பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கலாம். அந்தப் பாரத்தை நிரப்புவதைவிட உங்கள் மனசாட்சியை நிரப்புவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. முட்டி வலியை நான் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே முடியாத ஒரு பாட்டி கேட்டால் எவரும் எழுந்து கொடுத்துவிடுவார்கள். சொல்லப்போனால் அந்தப் பாட்டிகள் கேட்கவே மாட்டார்கள், கீழே நின்றுகொண்டு மேல் படுக்கையைப் பார்த்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். நம்முடைய ஆளின் முட்டி வேறு வகை. விழுப்புரத்தில் ‘டீ... காப்பி...’ சத்தம் கேட்டதும் பிளாட்பாரத்தில் குதித்து நாலு பெட்டி தாண்டி ஓடி, வண்டி நகரும்போது தொற்றி ஏறுகிற முட்டி அது.

பரிசோதகர் வந்ததும் நடப்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அவர் பட்டியலைப் பார்த்து ‘இது உங்க சீட்டு இல்லையே?’ என்று கேட்பார். ‘நாங்க பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம் சார்.’ அந்த ‘நாங்க’ளில் நீங்களும் இருக்கிறீர்கள். 72-இல் குறுகி மடங்கிக் கிடக்கும் உங்களை நோக்கி ஒரு சிரிப்பும் வரும். நீங்களும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ரயில்வேயே பெரிய அட்ஜஸ்ட்காரர்தான். ஆர்.ஏ.சி. என்று ஒரு டிக்கெட் தருகிறார்களே, ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இரண்டு பேருக்கு உட்காரக் கொடுத்து, இருவரிடமும் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு முழுக்க முன்பின் தெரியாத ஒருவரின் பாதங்களுடன் எல்லைப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பக்கவாட்டில் கீழ் ஒன்று, மேல் ஒன்று இருந்த இடத்தில் நடுவில் மூன்றாவதாக ஒரு படுக்கையைச் செருகினார்கள். மூன்று பேரில் எவராலும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பயணிகள் போட்ட கூச்சலில் பிறகு அதைக் கழற்றினார்கள். அட்ஜஸ்டுக்கு ஓர் எல்லை உண்டு என்று இந்த நாடு ஒரே குரலில் சொன்ன அபூர்வத் தருணம் அது.

பெங்களூரில் இந்த வாசகத்தை ஊரின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று அவர்கள் சிரித்துக்கொண்டே பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊர்ப் போக்குவரத்தில் ஒரு சாயங்காலம் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அதைச் சொல்லாமல் அங்கே பிழைக்க முடியாது என்பது புரியும். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. நமக்கு இன்னும் எரிச்சல் மிச்சமிருக்கிறது.

சொந்த ஊரில் நம் ஆள் தெருவையே மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பேத்திக்குக் காது குத்து என்றால் தெருவின் குறுக்கே பந்தல். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், ‘ரெண்டு நாள்தானே, யாருக்கும் ஒண்ணும் ஆகாது’ என்று ஊராரின் உடல்நலத்துக்கும் சேர்த்து உத்தரவாதம் தருவார். அதிகாலை நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கர். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் உங்கள் கார் நிற்கிற இடத்தில் அவருடைய மைத்துனர் கார் நிற்கும். மைத்துனர் சாவியை எடுத்துக்கொண்டு திருப்பதி போயிருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் நீங்கள் ரசத்துக்கு வந்ததும் முதுகுக்குப் பின்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கை முளைக்கும். ‘தம்பி, மோர் சாப்பிடுவீங்களா?’ அக்கறை போலத் தெரியும். எழுந்திரு என்று பொருள்.

அந்தக் கல்யாணத்திலேயே மணமேடை இறங்கி வரும் பெண்ணைத் தனியாக அழைத்து அவர் வழங்கும் அறிவுரையையும் கேட்டிருக்கிறேன். ‘அம்மா, புகுந்த வீடுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்.’ மாப்பிள்ளை இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். அவர் பக்கம் இந்த வாசகம் திரும்புவதே இல்லை. அங்கே போய்ச் சேர்வதோ கையில் கவரும், ‘தம்பி, பொண்ணைப் பார்த்துக்குங்க’வும். பேருந்தில் அரை அடிக்குச் செலவாகிற அதே ‘கொஞ்சம்’, இந்தப் பெண்ணிடம் முப்பது நாற்பது வருஷத்துக்குக் கேட்கப்படுகிறது. சொல் இங்கே ஏதோ குடும்ப வாசனையோடு வருவதால் யாருக்கும் உறைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை, மலையாளத் திரையுலகில் பெண்களுக்கு மிகவும் பழகிப்போன சொற்களாக ‘அட்ஜஸ்ட்மெண்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற இரண்டைக் குறிப்பிட்டது. அங்கே அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஆள் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு ‘சே, என்ன ஜனங்க!’ என்றுதான் சொல்லியிருப்பார்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், அவருக்கே ஒருநாள் கீழ்ப் படுக்கை கிடைக்கிற வரையில். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் மாதிரி விடிந்த பிறகும் ஓடுகிற வண்டியில் அவரைப் பார்க்க வேண்டும். படுக்கை தன்னுடையது என்று ஆனதும் மனிதர் வக்கீலாகிவிடுகிறார். ‘சார், பத்து மணிக்கு மேல இங்க யாரும் உக்காரக் கூடாது. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல? எல்லாரும் இப்படி ஆளாளுக்கு அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னா அப்புறம் எதுக்கு சார் ரிசர்வேஷன்?’ சொல்வது சரிதான். படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை என்று 2017-இல் ரயில்வே சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அதற்கு முன்னால் 9 மணி என்று இருந்தது; அந்தப் பழைய கணக்கும் அவருக்கு அத்துபடி. நடுப் படுக்கைக்காரர் சாப்பிட்டு முடிக்காத இட்லியோடு எழுந்து, சங்கிலியை மாட்டி, மேலே ஏறிப் படுத்துக்கொள்கிறார்.

காலை ஆறு அடிக்கிறது. நடுப் படுக்கைக்காரரும் சட்டம் தெரிந்தவர்தான். இறங்கி, கைக்கடிகாரத்தைக் காட்டி, ‘சார், ஆறாச்சு. உக்காரணும்’ என்கிறார். அட்ஜஸ்ட்காரர் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: ‘அதே சர்க்குலர்லதான் சார், நோயாளிங்க இன்னும் கொஞ்ச நேரம் படுக்கணும்னா ஒத்துழைக்கச் சொல்லி இருக்கு. எனக்கு முட்டி வலி.’

சுற்றறிக்கையில் அப்படி இருப்பதென்னவோ உண்மைதான்.