கடைசிப் படியில் சறுக்கிய டிராகன்ஸ்

கேள்வி: தமிழ்நாடு டிராகன்ஸ் அரையிறுதி வரை வந்தும் கோப்பையைக் கோட்டைவிட்டது ஏன்? அணியையே கலைத்துவிட வேண்டியதுதானா?
(பட்டு நெசவாளி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2024 டிசம்பரில் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது ஹாக்கி இந்தியா லீக். எட்டு அணிகளில் அரையிறுதிக்கு வந்த நான்கில் டிராகன்ஸும் ஒன்று. வங்காளத்தின் ரார் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில்தான் தோற்றது. அந்த அணியே பிறகு கோப்பையையும் வென்றது. டிராகன்ஸுக்கு நான்காம் இடம்.

ஷூட்-அவுட் பொல்லாதது! 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிவந்து எட்டு விநாடிக்குள் கோலடிக்க வேண்டும். எதிரே கோல்கீப்பர் மட்டும். அறுபது நிமிட உழைப்பு அந்த எட்டு விநாடியில் தொங்கும்.

கலைப்பதா? கூடாது. கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேருமிடத்தில் ஓர் இழை பிசகினால், காஞ்சிபுரத்தில் யாரும் பாவையே அறுத்தெறிவதில்லை. பிசகிய இடத்தைத்தான் பிரித்துக் கட்டுவார்கள்.

அணிகளுக்கும் அதே வேலைதான். வேண்டியவரைத் தக்கவைத்து, மற்றவரை விடுவித்து, 2025 செப்டம்பர் மினி ஏலத்தில் ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. அமித் ரோகிதாஸ், நெதர்லாந்தின் யிப் யான்சன் போன்றவர்கள் ஆடிய அணி டிராகன்ஸ். அரியலூர் செல்வம் கார்த்தியும் அதில் இருந்தார். அவரைப் போன்ற நம்மூர்ப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் வேண்டும்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2026 ஜனவரி 3 அன்று, சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலேயே நடந்தது.